இரண்டாவது கையெழுத்து

1

புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் சொன்ன ஒற்றை வரியில் இந்தக் கதை பிறந்தது: "நம்பிக்கைல அமுக்கிட்டேங்க."

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: காவிரிப் பாலத்தில் காற்று சுழன்று...

வேண்டாம். காற்றுக்கு இங்கே வேலையில்லை.

செந்தமிழன் நினைவில்லாமல் கிடக்கிறான். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும், இருப்பதெல்லாம் பிட்காயின். கம்ப்யூட்டர் வைரஸுக்குப் பயந்து அதை மூன்று சாவி போட்டுப் பூட்டியிருந்தான். ஒன்று அவனிடம், ஒன்று மனைவி சுபஸ்ரீயிடம், ஒன்று நண்பர் இம்தியாஸிடம். எந்த இருவர் ஒப்பம் போட்டாலும் பணம் நகரும். ஒரு கம்ப்யூட்டர் கெட்டாலும் இன்னொருவர் கண் காப்பாற்றிவிடும் என்று நம்பினான், பாவம்.

2

ஸ்ரீரங்கத்து வீட்டு லேப்டாப்பில் வைரஸ் ஏறியிருப்பது சுபஸ்ரீக்குத் தெரியாது. பிட்காயினை விற்றுத் தரும் நிறுவனம் அவள் போனுக்கு அனுப்பிய முகவரியை, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளமான வரியை, லேப்டாப்பில் ஒட்டினாள். வைரஸ் அதை எடுத்துவிட்டுத் திருடனின் முகவரியை வைத்தது. கண்ணீர் மறைத்த கண்ணோடு தன் ஒப்பத்தைப் போட்டாள்.

"அண்ணே, நான் போட்டுட்டேன். நீங்களும் போட்டுடுங்க. டாக்டர் அவசரப்படுத்துறாரு."

மண்ணச்சநல்லூர் அரிசிக்கடையில் இம்தியாஸ் தன் சாவி இருக்கும் தீப்பெட்டி அளவுக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினார். பணம் போகவிருக்கும் முகவரி அதன் திரையில் வந்தது. சுபஸ்ரீயை அவள் போனுக்கு வந்த முகவரியைப் படிக்கச் சொல்லி, ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சொல்லித்தான் செந்தமிழன் சாவியைத் தந்திருந்தான். ஆனால் புருஷன் சாகக் கிடக்கும் நேரத்தில் 'படிங்க, சரிபார்க்கிறேன்' என்று எப்படிக் கேட்பது? தன்னையே சந்தேகப்படுகிறார் என்று அவள் நினைத்துவிட்டால்?

(இம்தியாஸை முட்டாளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மரியாதை தெரிந்த மனுஷன். ஆபத்தே அங்கேதான்.)

3

முதல் முடிவு: கேட்கிறார். எழுத்துகள் ஒத்துப்போகவில்லை. பணம் தப்புகிறது. செந்தமிழன் கண்...

மற்றொன்று: கேட்காமல் பொத்தானை அமுக்குகிறார். போன பணத்தைத் திருப்பித் தர உலகத்தில் எந்த ஆபீஸும் இல்லை. செந்தமிழன்...

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வராந்தாவில் அந்த வரியைச் சொன்னவன் நான்தான். எதிரில் நின்ற பெண் என்னைத் திட்டவில்லை. "பரவால்லண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இம்தியாஸின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. மறு கையில் போன். "சொல்லுங்கண்ணே" என்கிறாள் சுபஸ்ரீ.

அவர் வாயில் ஒரு வாக்கியம் வைக்க வேண்டும். எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம்.