குச்சிக்கா, படகுக்கா?

பாய்மரப் படகு கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வந்து நின்றபோது, டீச்சர் புருஷனின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை, பஸ் டிரைவரான அவர் அந்தப் பொத்தானைப் போட்டதே இல்லை. கழுத்தை இறுக்குகிறது என்பார். இன்று மறுப்புச் சொல்லாமல் கூடத்தில் படுத்திருந்தார்.

மகன் நிலைக்குக் குறுக்கே கையை வைத்து வாத்தியாரை வாசலிலேயே மறித்தான்.

"பதினஞ்சு நிமிஷம் படகு ஒரே எடத்துல நின்னிருக்கு. நீங்க கரையில நின்னு வேடிக்கை பாத்தீங்களா?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் மோட்டார் படகு எதுக்கு வச்சிருக்கீங்க, அழகுக்கா? நாளைக்குக் கம்ப்ளெயின்ட் குடுக்கறேன். இனி நீங்க யாருக்கும் படகு கத்துக்குடுக்க முடியாது."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். பதினைந்து நிமிஷம் என்று மகனிடம் சொன்னது டீச்சர்தான். அந்தப் பதினைந்து நிமிஷம் எப்படி வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த மனுஷனின் பிழைப்பு மட்டும் போகும்.

அவளும் புருஷனும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். பஸ் டிரைவரும் கணக்கு டீச்சரும் அறுபது வயதுக்கு மேல் ஏரியில் படகு விடப் போகிறார்களாம் என்று தெருவே சிரித்தது. டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்குச் சுக்கான் குச்சி பிடிபடவே இல்லை. குச்சியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது என்ன அநியாயம் என்று வாத்தியாரிடமே சண்டை பிடித்தார். முதல் வாரமே இரண்டு தடவை கவிழ்த்தார். குச்சி டீச்சர் கைக்கு வந்தது, பாயின் கயிறு அவர் கைக்குப் போனது.

கைதான் மாறியது. வாய் மாறவில்லை. "லெஃப்ட் எடு, லெஃப்ட் எடு" என்று கத்துவார். அவள் குச்சியை இடப்பக்கம் தள்ளுவாள். படகு வலப்பக்கம் போய் நாணலில் செருகிக்கொள்ளும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பஞ்சாயத்து நடந்தது.

"நீங்க சொல்ற லெஃப்ட் குச்சிக்கா, படகுக்கா? முதல்ல அதச் சொல்லுங்க."

"சரி தாயே, உனக்காக மாத்திக்கறேன். இனிமே குச்சிக்குத்தான். போதுமா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றுதான். அதன்பின் ஒரு மாதம் தப்பே வரவில்லை.

நேற்று கரை இடப்பக்கம் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் "லெஃப்ட் எடு" என்றார். அவள் குச்சியை இடப்பக்கம் தள்ளினாள். படகு கரையை விட்டு விலகி, காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பி, பாய் படபடக்க அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் வாத்தியாரின் மோட்டார் படகு வந்தது. அந்த வலியில் அவர் பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருந்தார், அந்த லெஃப்ட் படகுக்கு என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கரை எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்திருக்கலாம். ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தாள். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள். சொல்ல முடியாது என்றார்கள்.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"கைய எடுடா. படக நிறுத்துனது நான். அப்பா லெஃப்ட்னு சொன்னாரு. நான் தப்பாத் திருப்பிட்டேன்."

மகன் அவளையே பார்த்தான். "உதவி வேணும்னா கைய தூக்கணும்னு சொல்லிக்குடுத்திருப்பாங்களே. தூக்கலியாம்மா?"

"ரெண்டு கையாலயும் அவரப் புடிச்சிட்டிருந்தேன். சத்தம் போடலாம்னா கொரலே வரல."

வாத்தியார் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"காத்துக்கு நேராத் திருப்பி நிறுத்தறதுதான் டீச்சர், இந்த வாரப் பாடம். உங்களுக்கு அது வரவே இல்ல. நேத்துதான் முதல் தடவையா சரியா வந்துச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தீங்க. பழகறாங்கன்னு நெனச்சேன்." கூடத்தில் படுத்திருந்தவரை எட்டிப் பார்த்தார். "நான் கை தட்டினேன், டீச்சர்."

மகனின் கை நிலையிலிருந்து எப்போது இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "எடுக்கலாமா?" என்றார். டிரைவர் கனத்த உடம்புக்காரர். அவளுடைய தம்பியும் டெப்போவிலிருந்து வந்த ஒருத்தரும் தலைமாட்டில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். மகன் கால்மாட்டுக்குப் போனான். ஒரு மூலை மட்டும் தரையை விட்டு எழும்பவில்லை.

மகன் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "இந்தப் பக்கம் இன்னொரு ஆள் வேணும்."

வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்களைவிட ஒரு தலை உயரம் அவர். தூக்கியதும் ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்திக்கொண்டார். வண்டி வரைக்கும் அப்படியே நடந்தார்.