இரண்டு மல்லாட்டை, இரண்டு கிண்ணம்

பிள்ளை பார்க்கப் போகிறவன் பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போவான். தேவசகாயம் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவன் கக்கத்தில் இருந்தவை பௌதிகப் புத்தகங்கள். மாமியார் வீட்டில் அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிற மருமகன் அந்தத் தெருவில் வேறு யாருக்கு இருக்கிறான்? படிப்பு முடிவதற்குள் கல்யாணம் முடிந்து, பரீட்சை வருவதற்குள் இரட்டைப் பெண்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சிலருக்கு எல்லாமே கொஞ்சம் முந்திக்கொள்ளும், படிப்பைத் தவிர.

மற்ற பாடங்களை எப்படியோ ஒப்பேற்றிவிடுவான். ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒரு செம்புக் காற்றில் கணக்கற்ற அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே ஓடுகிறது என்று துரத்தாதே, மொத்தத்தில் எத்தனை விதமாக அவை நிற்க முடியும் என்று மட்டும் எண்ணு, சூடும் அழுத்தமும் அதிலிருந்தே வந்துவிடும் என்கிறது அந்தப் பாடம். எண்ணுவதில்தான் தகராறு. கடலூர்க் கல்லூரியில் வாத்தியார் போர்டு நிறைய எழுதி அழித்துவிட்டுப் போனார். அதில் பாதி தேவசகாயத்தின் நோட்டுக்கு வந்தது, தலைக்கு எதுவும் வரவில்லை.

பிள்ளைகள் பிறந்து அன்றைக்கு ஒன்பது நாள். முதலில் வந்தவள் தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு வந்தாள். அடுத்தவள் நீலம் பாரித்து, மூச்சில்லாமல் வந்தாள். மருத்துவச்சி தைலம்மாள் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருக்க, பாக்கியம் கிடந்த கிடையிலேயே அடைக்கல மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: இது மூச்சு விட்டால் அடைக்கலமேரி என்று உன் பேரையே வைக்கிறேன். பிள்ளை மூச்சு விட்டது. அடைக்கலம் என்ற பேர் அதற்கு அப்போதே முடிவாகிவிட்டது. மூத்தவளுக்குச் செசிலி என்று பிறகு சாவகாசமாக யோசித்து வைத்தார்கள்.

பாக்கியத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே யார் என்று தெரியும். தேவசகாயத்துக்கு எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒரே மூக்கு, ஒரே சுருங்கிய நெற்றி. பெற்ற மகள்களை அடையாளம் தெரியவில்லை என்று எந்தத் தகப்பன் வாய் விட்டுச் சொல்வான்? அடைக்கலத்தின் கையில் பாக்கியம் கண்ணேறுக்காகக் கட்டியிருந்த கறுப்புக் கயிறுதான் அவன் மானத்தைக் காப்பாற்றிவந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மலைப்பாறைகளின் சூடு தெருவரைக்கும் வந்து அடித்துக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் திடீரென்று பாடம் விளங்கிவிட்டது. சந்தோஷம் தாளாமல், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையில் இரண்டு கொட்டையும் இரண்டு கிண்ணமும் எடுத்துக்கொண்டு பாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்தான். கொட்டைகளை வேறு வேறு என்று வைத்துக்கொண்டால் நாலு விதமாகப் போடலாம். ஒன்றுபோல ஒன்று என்றால் மூன்றே விதம்தான். கிண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும்போது இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றினால் அது புது விதம் ஆகாது, பழையதேதான் என்று விளக்கினான்.

எட்டாவது வரை படித்த பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள். ஒன்றில் மைப் புள்ளி வைத்துவிட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்டாள். கொட்டைக்கு வைக்கலாம், அணுவுக்கு வைக்க முடியாது என்றான் அவன். நம் கண்ணில் கோளாறு இல்லை, எது எது என்ற பேச்சே அங்கே கிடையாது. பாக்கியம் இரண்டு கொட்டைகளையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அப்போ கணக்கு தீர்ந்தது என்று சிரித்தாள்.

மறுநாள் ஞானஸ்நானம். பச்சை உடம்புக்காரி கோயிலுக்கு வரும் வழக்கமில்லை, பாக்கியம் வீட்டிலேயே இருந்தாள். ஞானத்தாயான ரோஸ்மேரி, தேவசகாயத்தின் அக்கா, அடைக்கலத்தைத் தூக்கிக்கொண்டாள். பாக்கியத்தின் அண்ணன் தோமினிக் செசிலியைத் தூக்கிக்கொண்டான். கோயில் வாசலுக்கு வந்ததும் ரோஸ்மேரிக்குக் கயிற்றின் ஞாபகம் வந்தது. பிள்ளை கையில் கறுப்புக் கயிற்றைக் கண்டால் சாமியார் எல்லோர் முன்னாலும் திட்டுவார். வாசலில் கிடந்த பாயில் இரண்டையும் கிடத்திக் கயிற்றை அறுத்தாள். அதற்குள் ஒன்று ஈரம் பண்ண, துணி மாற்றினாள். மற்றது அழ, தோமினிக் தூக்கி ஆட்டிவிட்டுத் திரும்பக் கிடத்தினான். உள்ளே மணி அடித்தது.

"தம்பி, எது அடைக்கலம்?" என்றாள் ரோஸ்மேரி.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வலப்பக்கத்துப் பிள்ளையைக் கை காட்டினான்.

அடைக்கலமேரி என்று பேர் சொல்லித் தண்ணீர் ஊற்றியதும் அந்தப் பிள்ளை கோயில் அதிரக் கத்தியது. அடுத்ததன் தலையில் செசிலி என்று ஊற்றியபோது, அது வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் மெல்லிசாக அழுதது. அதுவரை தேவசகாயமும் மூச்சு விடவில்லை.

ஒன்றுபோல இருப்பவற்றை மாற்றினால் புது விதம் ஆகாது என்று வீடு வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் பாக்கியம் பிள்ளைகளை வாங்கி, அவளுக்குத் தெரிந்தபடி இவளை அடைக்கலம் என்றும் அவளைச் செசிலி என்றும் கொஞ்சினாள். யார் தலையில் எந்தப் பேர் விழுந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விஷயம் அத்தோடு போயிற்று. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. கோட்டை மதில் நிழலுக்குப் போய்ப் படித்தும் பார்த்தான். அங்கேயும் அதே வரிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மாமியார் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தனக்கு அடையாளம் தெரியாது என்பதில் தொடங்கிக் கை காட்டியது வரைக்கும்.

பாக்கியம், "தண்ணி ஊத்தறப்போ எது கத்துச்சு?" என்று கேட்டாள். அடைக்கலம் என்று ஊற்றியதுதான் என்றான். "அப்போ மாறித்தான் போச்சு. அடைக்கலம் ஒடனே கத்த மாட்டா. அவளுக்கு அழுகை மூச்சுமுட்டித்தான் வரும்" என்றாள்.

அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் படித்த முட்டாள், மாறினால்தான் என்ன, ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லி வைத்தான்.

"அணுவுக்கு ஆத்தா கெடையாது, அதான் மாத்தினாலும் ஒண்ணு. இதுங்களுக்கு நான் இருக்கேன். நெத்தியப் பாருங்க, காதப் பாருங்க. அடையாளம் இல்லாம இல்ல, நீங்க பாக்கல."

அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நேர்ந்துகொண்ட பேர் தவறிப்போன பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாமியாரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டான். ஊற்றிய தண்ணீர் ஊற்றியதுதான், திரும்ப ஊற்ற மாட்டார்கள் என்றாள் பாக்கியம்.

அந்த நேரம் பார்த்துத் தூளியில் இருந்த மூத்தவள் கத்தத் தொடங்கினாள். பாக்கியம் எழுந்து போய்த் தூக்கினாள். தூக்கியவள் பால் கொடுக்காமல் அப்படியே நின்றாள். முகம் மாறியிருந்தது.

"பொறந்த அன்னிக்கும் இவ இப்டித்தான் கத்திக்கினே இருந்தா. மூச்சு விடாததையே பாத்துக்கினு இருந்தேன். விடியறவரைக்கும் இவளத் திரும்பிப் பாக்கல. இவளுக்கோசரம் ஒரு வார்த்த கூட மாதா கிட்ட கேக்கல" என்றாள். "நான் கேக்காததுக்கும் சேத்து மாதாவே இவளுக்குத் தன் பேரக் குடுத்துட்டா போல இருக்குது."

தேவசகாயம் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாததால் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவகையில் அவனுக்கு அன்று கிடைத்த முதல் புத்தி அதுதான்.

பாக்கியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். மாதா வைத்ததே இருக்கட்டும். இனிமேல் கத்துகிறவள் அடைக்கலம், கத்தாதவள் செசிலி. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் இதற்கு மேல் ஒரு தடவை மாறக் கூடாது, தகப்பன் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று அவன் மடியில் இரண்டையும் போட்டாள். அவன் பார்த்தான். ஒருத்தியின் இடது காது மேலே லேசாக மடிந்திருந்தது. கத்திக்கொண்டிருந்தவளின் புருவம் நடுவில் கூடியது. இத்தனை நாளும் இவை இங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"கூப்டுங்க" என்றாள்.

புருவம் கூடியவளைப் பார்த்து, "அடைக்கலம்" என்றான். அத்தனை சிறிய பிள்ளைக்குப் பேர் எங்கே தெரியப்போகிறது? அது பாட்டுக்குக் கத்தியது. பாக்கியம்தான் குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்டி, இருக்கேன், உன்னத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.