ஏற வேண்டிய கோடு

கோடு இறங்கியதும் எங்கள் சுகாதாரத் துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

குளிர் ஆரம்பித்தால் கைக்குழந்தைகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கும். இன்று இத்தனை பிள்ளைகளுக்கு இருமல், இத்தனை பேருக்கு இளைப்பு என்று கிளினிக்குகள் கணினியில் ஏற்றும். அதைக் கோடாகப் போட்டுக் காட்டுவதுதான் என் பிழைப்பு. கோடு ஏறினால் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று கூடுதல் வார்டு திறப்பார்கள். இறங்கினால் மூடுவார்கள். அந்த வார்டில்தான் என் அக்கா நர்ஸ்.

கோடு ஏன் இறங்கியது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வாரம் சேர்ந்தாற்போல் விடுமுறை. கிளினிக்குகளில் பாதி பூட்டிக் கிடந்தன. பூட்டிய கதவிடம் எந்தப் பிள்ளை போய் இருமும்? கிளினிக்கில் எழுதிக் கொடுத்தால்தான் வார்டுக்கு வருவார்கள் என்பதால் அங்கேயும் கட்டில்கள் காலி.

இதைச் சொல்ல மேலாளரிடம் போனேன். எதை நீட்டினாலும் வெட்டுவார் என்பதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தோம். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"நாளைக்கு வார்டை மூடுறோம்மா. முதியோர் வார்டுல ஒரே ஒரு நர்ஸ் கிடந்து அல்லாடுறா. அங்க ஆள் வேணும்."

"பிள்ளைங்களுக்குக் குணமாகல சார். டாக்டருங்க லீவுல போயிட்டாங்க, அவ்வளவுதான். கிளினிக் திறந்ததும் கோடு ஏறும்."

"ஏறலேன்னா?"

"ஏறும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதன்கிழமை வரைக்கும் விடுறேன். ஏறலேன்னா அந்த நர்ஸுக்கு நீயே போய்ப் பதில் சொல்லு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைதான் கிளினிக்குகள் திறந்தன. கோடு படுத்தே கிடந்தது. அக்கா போன் செய்தாள்.

"கட்டில் எல்லாம் காலியா இருக்குடி. முதியோர் வார்டுக்காரி என்னை முறைச்சுட்டுப் போறா. நீ சரியாத்தான் பாத்தியா?"

"பொறுத்துப் பாருக்கா" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. அன்று முழுக்க ஏறு, ஏறு என்று மனதுக்குள் திரையைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை ஏறியிருந்தது. ஏறியதென்றால் சாதாரணமாக இல்லை, முந்தைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. மேசையைத் தட்டிச் சிரித்தேன். கத்தரிக்கோல் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீ ஜெயிச்சிட்டேம்மா" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. எத்தனை பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏறணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா. ஏறினதும் சிரிச்சேன்."

பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"நீ வேண்டித்தான் ஊருக்கே சளி பிடிச்சுதாக்கும். அவ்வளவு பெரிய ஆளா நீ?"

"இல்லக்கா..."

"கேளுடி. கொஞ்ச முன்னாடி ஒருத்தி கிளினிக் சீட்டோட பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வந்தா. பொறந்து ரெண்டு மாசம்கூட இருக்காது, உதடெல்லாம் நீலம். வாங்கின கையோட படுக்க வெச்சேன். கட்டில் இருந்துச்சு, ஆக்ஸிஜன் இருந்துச்சு. இப்ப தூங்குது."

அழுதுவிட்டேன். நிம்மதியிலா வெட்கத்திலா என்று கேட்டால், இரண்டும்தான்.

"அழுதது போதும்" என்றாள் அக்கா. "இங்க கட்டில் தீரப்போகுது. இன்னும் எத்தனை வேணும்னு உன் கோட்டைப் பாத்துச் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினேன்.