தலைகீழாக ஓடிய டிஸ்க்

அண்ணன் கொடுத்த லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் பழுது என்பது குட்டிக்குத் தெரியும். கொடுத்த அண்ணனுக்கும் தெரியும். வயிற்றெரிச்சலே அதுதான்.

நாற்பதை எட்டப்போகிறவளை இன்னமும் எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணனுடைய எம்பிராய்டரி கடையில் ஆரம்பத்திலிருந்து டிசைன் எல்லாம் அவள் கைவேலை. சட்டைப்பை பேட்ஜோ தொப்பியில் வரும் எழுத்தோ, அவள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால்தான் மெஷினில் ஊசி இறங்கும். அண்ணனுக்கு மெஷினை ஓட்டத் தெரியும், வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டத் தெரியும், அவ்வளவே. போன மாதம், "என்னையும் கூட்டு சேத்துக்கங்கண்ணே" என்று வாய்விட்டுக் கேட்டாள். மறுநாளே அவளுடைய நாற்காலியில் அண்ணியின் தம்பி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"உன்னை வெறுங்கையோட அனுப்புவேனா?" என்று பழைய லேப்டாப்பையும் டிசைன் சாஃப்ட்வேர் டிஸ்க்கையும் பையில் போட்டுக் கொடுத்தான் அண்ணன். பின்னால் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக் கம்ப்யூட்டரில்தான் சாஃப்ட்வேர் ஏற்றியாயிற்றே, இனி டிஸ்க் எதற்கு என்பது அவன் நினைப்பு. இருங்கடா, உங்களை ஒரு கை பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டேதான் அவள் படி இறங்கினாள்.

அதற்கு ஒரு நாளும் வந்தது. நர்சிங் கல்லூரி ஒன்று மாணவிகளின் கோட்டுக்கெல்லாம் பேட்ஜ் தைக்க ஆள் தேடியது. அன்று மாலைக்குள் யார் நல்ல சாம்பிள் கொண்டுவருகிறார்களோ, அவர்களுக்கே ஆர்டர். அண்ணனும் போட்டியில் இருந்தான். கிடைத்தால் குட்டி சொந்தக் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் திரும்ப அண்ணன் வாசலில் போய் நிற்கவேண்டும். அதற்குப் பட்டினி கிடக்கலாம்.

காலையிலிருந்து டிரைவோடு மல்லுக்கட்டு. டிஸ்க்கை உள்ளே தள்ளினால் கர்ர் கர்ர்ரென்று இருமிவிட்டு நின்றுபோகும். லென்ஸைப் பஞ்சால் துடைத்தாள், ஊதினாள், தட்டினாள். "கட்டையில போறவனே!" என்று திட்டினாள். டிரைவையா அண்ணனையா என்று புருஷன் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே டிஸ்க் சீராகச் சுற்ற ஆரம்பித்தது.

"ஐயையோ, படிக்குதுங்க! ஓடி வாங்க, இதை இப்படியே புடிங்க!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புருஷன் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து பிடித்தான். குட்டி தரையில் உட்கார்ந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு, தலைகீழ் எழுத்தைப் படித்துப் படித்து மவுஸை அழுத்தினாள்.

"கை கடுக்குதுடி."

"ஆடுனீங்க, அவ்வளவுதான்!"

"இதுக்கு உங்க அண்ணன்கிட்டயே ஒரு வார்த்தை..."

"அவர் பேச்சை எடுத்தீங்க, உங்களையும் தலைகீழா தொங்கவிட்டுருவேன்."

அவன் லேப்டாப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஒருவழியாகச் சாஃப்ட்வேர் ஏறியது. டிஸ்க் உறையிலிருந்த எண்ணைத் தட்டியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த எண் வேறொரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சமயத்தில் ஒன்றில்தான் ஓடும், அங்கே நிறுத்திவிட்டு இங்கே தொடரலாமா?

அண்ணனுக்கு இது தெரியாது. சாஃப்ட்வேர் விவகாரம் எதையும் அவன் தெரிந்துகொண்டதே இல்லை. அதற்குத்தான் குட்டி இருந்தாளே.

"பாவம்டி, அவரும் இப்ப இதே வேலைதானே பாத்துக்கிட்டிருப்பார்" என்றான் புருஷன்.

"அதனாலதான்" என்று சொல்லிவிட்டு, ஆம் என்பதை அழுத்தினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

பேட்ஜை வரைந்து முடித்து, வீட்டிலிருந்த சின்ன எம்பிராய்டரி மெஷினில் துணியை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்தான்.

"குட்டி, சாஃப்ட்வேர் திடீர்னு நின்னுபோச்சும்மா. டிசைன் பாதியில நிக்குது. மச்சான் திருதிருன்னு முழிக்கிறான். உனக்குத்தானே இது அத்துப்படி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அண்ணன் இப்படி 'ம்மா' போட்டுப் பேசி வருஷக்கணக்காயிற்று. துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"டிஸ்க்கைப் போட்டுத் திரும்ப ஏத்துங்கண்ணே."

"டிஸ்க்கு உன்கிட்டல்ல இருக்கு..." அண்ணன் நிறுத்தினான். "குட்டி, நீயா?"

"நானேதான்."

"அடிப்பாவி! கூடப் பொறந்தவன் வாயில மண்ணைப் போட்டுட்டியே!"

"நீங்க என் வாயில போட்டப்ப நான் இப்படிக் கத்தலையேண்ணே."

போனை அணைக்காமல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு பட்டனை அழுத்தினாள். ஊசி கடகடவென்று இறங்கத் தொடங்கியது. அண்ணன் கத்தினான், கெஞ்சினான், அப்புறம் சும்மா இருந்தான். பேட்ஜ் முடியும்வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.