கல் சதுக்கத்தில் ஒரு சவப்பெட்டி

வண்டிகள் நுழையாதபடி நட்டிருந்த இரும்புத் தூண்களுக்கு முன்னால் அமரர் ஊர்தி நின்றுவிட்டது. முகப்பு விளக்குகளை எரியவிட்டுப் பின்னால் வந்த கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. தேவாலயத்தின் வாசற்படி எதிரே தெரிந்தது. இடையில், புதிதாகக் கல் பாவிய சதுக்கம்.

இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் பர்னெல், வெள்ளைக் கையுறையோடு இறங்கி வந்து ஒரு தூணை அசைத்துப் பார்த்தார்.

"இதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"சாவி கிடையாதுங்க," என்றாள் அருகில் வந்த ஜனெல். "கழட்ட முடியாத மாதிரிதான் போட்டிருக்கு."

"எந்தப் புண்ணியவான் போட்டான்?"

"நான்தான்."

ஊரை இரண்டாகப் பிளந்து கிடந்த நெடுஞ்சாலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடைத்தெருக்களும் பேருந்து நிலையமும் கொண்டுவந்த நகராட்சித் திட்டத்துக்கு அவள்தான் பொறுப்பாளி. கழற்றக்கூடிய தூண்கள் வைத்தால் சரக்கு வண்டிகள் நுழைந்து நின்றுவிடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடியவளும் அவளே. இத்தனைக்கும் இதே தேவாலயத்தின் பாடகர் குழுவில் வளர்ந்தவள், இன்றும் அதில் பாடுகிறவள். அவளுடைய அம்மாவின் உடல் வந்தபோது ஊர்தி படியோரம் வந்து நின்றது. போதகர் கீழே இறங்கி வந்து எதிர்கொண்டார். இந்தச் சபையில் அதுதான் கடைசி மரியாதை. சைக்கிளுக்கு வழி வைத்தாள், தீயணைப்பு வண்டிக்குப் பின்தெருவில் வழி வைத்தாள். இது மட்டும் அவள் நினைவில் வரவே இல்லை.

"பின்தெரு வழியா வண்டி போகும்," என்றாள் மெதுவாக. "தேவாலயத்துச் சமையல்கூட வாசல் வரைக்கும்."

இறந்துபோன ரூஃபஸின் மனைவி எர்னஸ்டீன் அதற்குள் காரிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"பின்வாசலா? கறுப்பங்கன்னு வெள்ளைக்காரன் ஓட்டல்ல பின்வாசலாப் போகச் சொன்னது எங்க மாமனாரோட போச்சுடி. என் வீட்டுக்காரர் முன்வாசல் வழியாத்தான் போவார்."

"தள்ளுவண்டி இருக்கும்மா," என்றார் பர்னெல். "ஆனா இந்தக் கல்லுமேல கடகடன்னு ஆடும்."

"உயிரோட இருந்தப்பவே அவருக்கு ஆட்டம் வராது. கையில தூக்குங்க." பிறகு ஜனெலைப் பார்த்தாள். "நீ என் பக்கத்துல வா. நடக்கத்தானே கட்டினே? நட."

ஆறு பேர் கைப்பிடிகளைப் பற்றிப் பெட்டியைத் தூக்கினார்கள். காப்பிக் கடைக் குடைகளுக்குக் கீழே பேச்சு நின்றது. ஒருவன் வாயில் வைத்த ரொட்டியைக் கடிக்காமல் அப்படியே பிடித்திருந்தான். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சுமப்பவர்களில் மூத்தவருக்கு மூச்சிரைத்தது. இரண்டு முறை நின்று கை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஜனெல் தரையைப் பார்த்தாள். அந்தக் கல்லின் நிறத்தைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

குடையடியிலிருந்து அவளுடைய அலுவலகத்து ஃபிலிப் கைபேசியோடு எழுந்து வந்தான்.

"ஜனெல், பிரமாதமா இருக்கு! ஊர்வலம் போறதுக்குன்னே வச்ச பாதையா? ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமாவே போடலாம்."

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். எர்னஸ்டீன் திரும்பாமல் நடந்தாள். ஆனால் அவள் நடை மெதுவானது.

"படம் எடுக்காதே, ஃபிலிப்." ஜனெலின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "வண்டிக்கு வழி வைக்க நான் மறந்துட்டேன். அதனாலதான் இவங்க தூக்கிட்டுப் போறாங்க."

அவன் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

போதகர் படியிறங்கி வந்தார். பெட்டி மேலேறியது. முதல் படியில் கால் வைத்த எர்னஸ்டீன் நின்றாள்.

"அந்தத் தூண எடுத்துடுவியா?"

"எடுத்துடுறேம்மா."

"சீக்கிரம் எடு. அடுத்தது நான்தான். எனக்கு உடம்பு கனம், இந்தப் பசங்களால முடியாது."

ஜனெலால் சிரிக்க முடியவில்லை. உள்ளே பாடகர் வரிசையில் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார மனம் வராமல் அவள் கதவோரம் நின்றுகொண்டாள்.