பேரத்தில் ஜெயித்த தெரு

1

இந்தக் கதை ஒரு தகரப் பலகையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்காட்டினால் எனக்குத்தான் அசிங்கம்.

என் எழுத்து முதன்முதலாக எங்கே வெளியானது என்று கேட்பவர்களிடம் ஒரு வாரப் பத்திரிகையின் பெயரைச் சொல்வது என் வழக்கம். சுத்தப் பொய். அதற்கு ஆறு வருடம் முன்பே, இருபத்தொரு கடைகளின் நெற்றியில், வெள்ளைத் தகரத்தில் கறுப்புப் பெயின்ட்டில் என் எழுத்து வெளியாகிவிட்டது. மூன்றே சொற்கள்: ‘இது நம்மவர் கடை’. தெருவே நின்று படித்தது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்துக்கும் எனக்கு அத்தனை வாசகர்கள் வாய்க்கவில்லை.

இப்போது காலை பத்து மணி. மேசைமேல் வெயில் விழுகிறது. பக்கத்து அறையில் மாமனார் ஒரு தட்டு நிறையப் பட்டன்களைக் கொட்டி, இரண்டு ஓட்டை தனி, நான்கு ஓட்டை தனி என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். கடை போய் இருபது வருடம் ஆகிறது, பழக்கம் போகவில்லை. என் மனைவி, அதாவது அவர் மகள், நான் எழுதும் தாள்களை வந்து வந்து படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்த காலத்தில் எனக்குக் கதை எழுத வரவில்லை. பேரம் பேசத்தான் வந்தது.

2

தொடங்கிப் பார்த்தவை:

‘நாடு தத்தளித்துக்கொண்டிருந்தது. மூன்று வருடத்தில் நான்கு அரசுகள் கவிழ்ந்து’ (விட்டுவிட்டேன். நான்கு அரசுகள் கவிழ்ந்தது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவுக்கு அது தெரிந்ததே கரண்ட் போனபோதுதான்.)

‘வரலாற்றின் இருண்ட பக்கங்களில்’ (இதையும். நடந்ததெல்லாம் பட்டப்பகலில், கடை திறந்திருந்த நேரத்தில்.)

‘எங்கள் துணிக்கடையில் மூன்று வருடமாக விற்காமல் ஒரு துணி கிடந்தது.’

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

எங்கள் துணிக்கடையில் மூன்று வருடமாக விற்காமல் ஒரு துணி கிடந்தது. அப்பா வெளிர்சாம்பல் கேட்டிருந்தார். மில்லில் எதையோ மாற்றிக் கலந்து, மழையில் ஊறிய அட்டைப்பெட்டி நிறத்தில் பதினெட்டுக் கட்டு அனுப்பிவிட்டார்கள். கடைப் பூனைகூட அதன்மேல் படுக்காது.

ஒரு நாள் விசில் வந்தான். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து வேலை போனவன். கழுத்தில் விசில் மட்டும் மிச்சம். முடிவெட்டும் கடை மாடியில் பதினோரு பேரைச் சேர்த்துக் கட்சி தொடங்கியிருந்தான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை வேண்டும், நிறைய வேண்டும் என்றான்.

அப்பா விலை சொன்னார்.*

விசில், “சரி” என்றான்.

* எங்கள் தெருவில் முதலில் சொல்லும் விலை விலையே அல்ல, அது வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டு மடங்கு சொல்லி, சண்டை போட்டு, பாதிக்கு இறங்கி, இரண்டு பேரும் தான்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு பிரிய வேண்டும். அதுதான் மரியாதை.

துணியை வெட்டியது நான். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பதினோரு பேருக்குப் பதினெட்டுக் கட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

“முதல் வெலைய ஒத்துக்கிட்டுப் போறான்னா,” என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஒண்ணு அவன் கிறுக்கன். இல்ல, அவன் வாங்க வந்தது இந்தத் துணிய இல்ல.”

அப்பா தன் வாழ்க்கையில் சொன்ன வார்த்தைகளில் மிகக் கூர்மையானது இது. சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டார். பதினெட்டுக் கட்டு போனதே, அந்தச் சந்தோஷம்.

4

இனி பட்டன்காரர். எங்கள் கடைக்கு நேர் எதிரே பட்டன், நூல், ஊசிக் கடை. தெருவில் இருந்த இருபத்தேழு கடைகளில் ஆறு, அக்கரைக்காரர்களுடையவை. மூன்று தலைமுறைக்கு முன்னால் ஆற்றைக் கடந்து வந்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பட்டன்காரர் அந்த ஆறில் ஒருவர். அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதர். நான் அவர் மகளைப் பார்க்க அடிக்கடி பட்டன் வாங்கப் போவேன். எங்கள் வீட்டில் சட்டைகளைவிடப் பட்டன்கள் அதிகமாகிக்கொண்டிருந்தன.

முதல் பிரதியில் அவரைப் பற்றி இப்படி எழுதினேன்: ‘பட்டன்காரர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர். சாந்தமான முகம். அவருடைய கண்களில் எப்போதும் ஒரு’

மனைவி படித்துவிட்டு, “யாரு இவரு?” என்றாள்.

“உங்கப்பா.”

“எங்கப்பாவா? போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்காரு. அவரு நூல்கண்ட அளந்து குடுக்கறப்ப ரெண்டு முழத்த முழுங்குவாரு, அத எழுதுங்க. ஊரையே நக்கலடிப்பாரு, அத எழுதுங்க. கஷ்டப்பட்டவங்கன்னா ஒடனே நல்லவங்க ஆக்கிடுவீங்களே.”

அவள் சொல்வது சரி. மாற்றிவிட்டேன். பட்டன்காரர் நூலில் இரண்டு முழம் முழுங்குவார்.

5

சட்டை போட்ட பதினோரு பேர் ஆறு மாதத்தில் நூற்றுப்பத்து ஆனார்கள். மில் மூடி வேலை போனவர்கள், படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள். வேலை இல்லாதவனுக்கு ஒரு சட்டையும் நிற்க ஓர் இடமும் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்வான்? தெருமுனையில் விசில் மேடை போட்டான்.

“ஒரு மாசம் டைம். இந்தத் தெருவுல அக்கரைக்காரன் கடை ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

கூட்டத்தின் பின்வரிசையில் அப்பாவும் பட்டன்காரரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றார்கள். நானும் நின்றேன்.

“முதல் வெல சொல்றான்,” என்றார் அப்பா.

“ஆமா ஆமா. எவ்வளவுக்கு முடிப்பான்?”

“நீ கொஞ்சம் மொகத்தத் தொங்கப் போட்டு வையி. நாங்க பேசறோம்.”

“தொங்கப் போடறேன். கடலைய நீயே தின்னாத.”

சிரிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து முதல் விலையை யாரும் மெய்யாகச் சொல்லிக் கேட்டிராத மனிதர்கள் அவர்கள். சொன்னதையே செய்கிறவன் ஒருவன் இருப்பான் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

அப்பாதான் வியாபாரிகள் சங்கத் தலைவர். போய்ப் பேசினார். கடைகளை மூடச் சொன்னவன், மூட வேண்டாம், தெருவைக் காவல் காக்கும் வேலையை எங்களுக்குக் கொடுங்கள் என்று இறங்கினான். திருட்டு அதிகமாக இருந்த காலம். அப்பாவுக்கு வெற்றி. காவலுக்கு நிற்பவர்களுக்குச் சங்கக் கட்டடத்தில் மாடி முழுவதையும் கேட்டான். அப்பா பின்னறையை மட்டும் கொடுத்தார். அதுவும் வெற்றி. அடுத்து, ஆறு கடை வாசலிலும் ‘அக்கரைக்காரன் கடை’ என்று எழுதி வைக்க வேண்டும் என்றான்.

சங்கத்தைக் கூட்டினார்கள். இருபத்தேழு முதலாளிகள், நடுவில் விசில், கதவு சாத்திய கூடம். நான் முதலாளி இல்லை, முதலாளியின் மகன், வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எந்தப் பக்கம் தீர்மானம் ஆனாலும் எழுத வசதியாகத் தகரமும் பெயின்ட்டும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே பேச்சு எங்கே போகிறது என்பது ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று மாதிரிக்கு ஒரு பலகை எழுதிப் பார்த்தேன், எழுத்து அளவு சரியாக வருகிறதா என்று.

கதவு திறந்தது. அப்பா முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“முடிச்சிட்டேன்டா. அவங்க வாசல்ல ஒரு எழுத்து எழுதக் கூடாது, அவங்கள ஒரு வார்த்த சொல்லக் கூடாது. வேணும்னா நம்ம வாசல்ல நம்ம கடைன்னு எழுதிக்கறோம், அதுல யாருக்கு என்ன நஷ்டம்னேன். விசில் ஒத்துக்கிட்டான். அத்தன பேரும் கை தூக்கிட்டாங்க.”

“விசில் என்ன சொன்னான்?”

“சிரிச்சான்.”

பேரத்தில் தோற்றவன் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

6

[இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. ஜனநாயகம், அமைப்புகள், மனசாட்சி என்றெல்லாம் வந்தது. மனைவி அதில் கத்தரிக்காய் நறுக்கினாள். நறுக்க நல்ல தாள்.]

சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தொரு பலகை மாட்டியதும், பலகை இல்லாத ஆறு கடைகள் தாமாகவே பளிச்சென்று தெரிந்தன. ஒருவரைப் பற்றியும் ஓர் எழுத்து எழுதாமலே ஆறு பேர் பெயரையும் எழுதிவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாசலில் நிற்கும் சட்டைக்காரர்களைப் பார்த்துவிட்டு, வம்பு எதற்கு என்று நாலடி தள்ளிப் போய் வாங்கினார்கள்.

மற்ற ஊர்ச் சங்கங்கள் எங்கள் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிப் போயின. நல்ல தீர்மானம், யாரையும் புண்படுத்தாதது. எல்லா ஊரிலும் பலகை, எல்லா ஊரிலும் அட்டைப்பெட்டி நிறச் சட்டை. அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. விசிலிடம் முப்பது இடம் இருந்தது. பெரிய கட்சியின் பெரியவர்கள் அவனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆட்சியையே கேட்டான். போலீஸ் இலாகா ஒன்றோடு முடித்தார்கள். பேசி முடித்துப் படியிறங்கி வந்த அவர்களின் படம் பத்திரிகையில் வந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அப்பா கூடத்திலிருந்து வெளியே வந்த அதே முகம், கொஞ்சம் நல்ல கோட்டோடு.

பதினோரு மாதம் கழித்து ஆட்சி முழுவதும் விசிலிடம் இருந்தது. பேரம் பேச எதிரில் யாரும் இல்லை. பலகை இல்லாத கடைக்குச் சரக்குக் கிடையாது என்று சட்டம் வந்தது. பட்டன் கடை நான்கு மாதம் தாங்கியது. கடையைச் சாத்திவிட்டு அவரும் மகளும் அக்கரைக்குக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். அப்பா கடையைவிட்டு வரமாட்டேன் என்றார். கடைசிவரை வரவில்லை. விசிலின் ஆட்சி ஒன்பது வருடம் இருந்து போயிற்று. அப்பா அதற்கு ஒரு வருடம் முன்னால் போனார்.

7

இப்போது முடிவு. அந்த மூடிய கூடத்துக்குள் அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவு: அப்பா சிநேகிதரைப் பார்க்கிறார். கை மேலே போகவில்லை. மற்றவர்கள் தூக்கிய பிறகு, வேறு வழியில்லாமல், கடைசியாக

இரண்டாம் முடிவு: அப்பாதான் முதலில் தூக்குகிறார். சிநேகிதரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்

மனைவி இரண்டையும் படித்தாள். “அந்தக் கூடத்துக்குள்ள இருந்த மனுசன் பத்தடி தள்ளி உக்காந்திருக்காரு. இருபது வருசமாக் கேக்காம இப்படிக் கற்பன பண்ணிட்டு இருக்கீங்க. போயிக் கேளுங்க.”

கேட்காததற்குக் காரணம் இருந்தது. இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்குவது அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளாததால்தான் என்று ஒரு பயம். போனேன்.

“மாமா. அன்னைக்குக் கூட்டத்துல முதல்ல கை தூக்குனது யாரு? எங்கப்பாவா?”

அவர் ஒரு நாலு ஓட்டைப் பட்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நான்.”

“நீங்களா?”

“உங்கப்பா ரெண்டு கையையும் மேசைக்குக் கீழ வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு மாப்பிள. நான் தூக்குனாத் தூக்குவாரு, இல்லன்னாத் தூக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் மாமா?”

“நல்ல வெல.” பட்டனைக் குவியலில் போட்டார். “கடைய மூடுன்னான். வாசல்ல எழுதுன்னான். கடைசியில என் வாசல்ல ஒண்ணுமே இல்ல, வெறும் செவுரு. அதுக்கும் கீழ எறக்க முடியுமா? நானே பேசியிருந்தாலும் இவ்வளவு எறக்கியிருக்க மாட்டேன். உங்கப்பா பெரிய ஆளுப்பான்னு நெனச்சேன். தூக்கிட்டேன்.”

அவர் அடுத்த பட்டனை எடுத்தார். எனக்கு ஏனோ நெஞ்சு லேசானது. அப்பா அவரைப் பார்த்திருக்கிறார். அது போதும் போலிருந்தது.

“இத எழுதப் போறீங்களா?” என்றார்.

“எழுதணும்ல மாமா.”

“முதல் கைன்னு வேணாம். பேரப் பசங்க படிக்கும். பத்தாவது கைன்னு போடுங்க.”

“பத்தாவதா? கதையே படுத்துடும். ரெண்டாவது.”

“ஏழு.”

“மூணுன்னா சரின்னு சொல்லுங்க, இப்பவே எழுதிடறேன்.”

“அஞ்சு. இதுக்கு மேல பேசாதீங்க, கெழவன் வயித்துல அடிக்காதீங்க.”

“நாலு. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

“நாலு,” என்று கையை நீட்டினார். நானும் நீட்டினேன். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு திருப்தி.

வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு,” என்றோம், இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு.

“அன்னைக்கு உங்கப்பா படியெறங்கி வந்தப்ப எங்க கடையிலேருந்து பாத்தேன்,” என்றாள். “இதே மூஞ்சிதான்.”

சாப்பாடு தயார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

8

நான்காவது என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வியாபாரி வாக்கு, மீற முடியாது. ஆனால் அவர் சொன்னதை மேலே நீங்கள் படித்துவிட்டீர்கள். அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை.

ஆகவே இப்படி முடிக்கிறேன்:

அன்று அந்தத் தெருவில் முதலில் தூக்கிய கை __________ உடையது.

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மாமா பெயரை எழுதலாம். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா பெயரை எழுதலாம். அதற்கு முன்னால், கதவு திறந்தபோது வராந்தாவில் நான் எழுதிச் சாய்த்து வைத்திருந்த ‘இது நம்மவர் கடை’ மாதிரிப் பலகை பாதி காய்ந்திருந்தது என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இங்கிருந்து கத்தரிக்காய்க் குழம்பு மணக்கிறது, நான் போகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்னிடம் வந்து பேரம் பேசாதீர்கள். நான் இறங்கிவிடுவேன்.