பதினெட்டுக் கிலோ குரல்

கலாராணி பண்டாரவளையிலிருந்து வாங்கி வந்த பென்ட்ரைவ் பதினெட்டுக் கிலோ இருந்தது. பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்கள். கங்காணி சந்தேகப் பிராணி, மூன்றாம் தரமும் போட்டார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தினமும் சுமக்கிற பாரம்தானே என்று கலாராணி அதைச் சாக்கில் போட்டு லயத்து வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

அதில் இருந்தது அவள் புருஷன் அழகையாவின் குரல். தொண்டையில் கட்டி. அடுத்த கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுக்க இருந்தார்கள். அதற்குமுன் குரலையாவது வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று, கோயில் பாட்டும் சர்ச் பாட்டும் பதிகிற ஷெல்டனின் ஸ்டூடியோவுக்கு அவரை அழைத்துப் போயிருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருக்கிற மனுஷன் அவர். கண்ணாடி அறைக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, "கலா, வெயில் வந்திருச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, எம்பி த்ரீயா போட்டா சின்னதா இருக்கும். காதுக்குக் கேக்காததை எல்லாம் வெட்டிரும். வேவ்னா பதிஞ்சது அப்படியே இருக்கும், ஆனா பெருசு," என்றான் ஷெல்டன்.

"ஒண்ணும் வெட்டாதீங்க தம்பி. கொழுந்துலதான் தண்ணி, சாக்குன்னு தெனம் எடையைக் கழிக்கிறாங்க. இவரை அப்படியே குடுங்க."

அப்படியே கொடுத்தான்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. நோய்தான் திரும்பி வந்தது. ஒன்பதாம் மாதம் அழகையா போய்விட்டார். சாவுக்கு வந்த மகன் ஜெயகுமார், கொழும்பில் ஹோட்டல் வேலை செய்பவன், அப்பாவின் குரலைப் போனில் கொண்டுபோக ஆசைப்பட்டு அதை எம்பி த்ரீயாகச் சுருக்கினான். எடையே இல்லை. பேசாத இடமெல்லாம் சும்மாதானே என்று அதையும் வெட்டி மூன்று வினாடியாக்கினான். கொழும்பில் ஐந்நூறு தரம் போட்டுக் கேட்டிருப்பான். கேள்வி காதில் விழுந்தது, அப்பா வரவில்லை. ஹோட்டல் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று அழுதான்.

லயத்தில் கலாராணி பென்ட்ரைவை டீவியில் செருகி முழுதையும் போடுவாள். கட்டிலின் ஓரம் அமுங்கும், பீடி வாசம் வரும். நாற்பது நிமிடமும் அழகையா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், உயிரோடு இருந்தபோது மாதிரியே பேசாமல். அந்த நேரத்தில் வந்த அக்கம்பக்கத்தார் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

முப்பதாம் நாள் சடங்குக்கு வந்த ஜெயகுமார் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தான். "அம்மா, தெரியாம வெட்டிட்டேம்மா. எனக்கும் முழுசா வேணும்," என்றான். ஷெல்டன் இன்னொன்று எடுத்துக் கொடுத்தான். அதுவும் பதினெட்டுக் கிலோ.

கொழும்பு பஸ்ஸில் அதைப் போனில் செருகி, ஓடவிட்டு, ஜன்னலோர சீட்டில் வைத்தான். முடிய முடியத் திரும்பப் போட்டான். ஹப்புத்தளையில் கூட்டம் ஏறியது. ஒரு பெரியவர் குனிந்து, "ஆள் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்காருங்க. எங்க அப்பா."

பெரியவர் அமுங்கியிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு கொழும்புவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.